தொண்ணூறு மாத்திரைப் புட்டி

லிங்காலா சுகாதார நிலையத்துக்குப் பெரிய புட்டிகள் வந்து இறங்கிய அன்று எனிபா யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் அட்டைப் பெட்டிகளைத் தானே தூக்கி அடுக்கினாள். அதுவரை எச்.ஐ.வி. மருந்து முப்பது மாத்திரைப் புட்டியில்தான் வரும். அறுநூற்றுப் பதினெட்டுப் பேர் மாதாமாதம் வந்து வரிசையில் நிற்க வேண்டும். மீன்பிடிக்கப் போனவன் வர மாட்டான். சோளத்துக்குக் களை எடுக்கப் போனவள் வர மாட்டாள். மழைக்காலத்தில் பாலம் மூழ்கினால் மருந்து லாரியே வராது. இப்போது ஒரு புட்டியில் தொண்ணூறு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும். மருந்துக் கவுன்டரில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்து, நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று சொல்லியே நாக்கு தேய்ந்தவளுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு என்ன இருக்க முடியும்?

மேலே உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. லாரியில் எத்தனை பெட்டி ஏறும், கிடங்கில் எத்தனை அடுக்கலாம், ஓர் ஆளுக்கு வருஷத்தில் எத்தனை நடை மிச்சம் என்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார்கள். புட்டியைக் கையில் எடுத்து ஒரு தடவை ஆட்டிப் பார்க்க மட்டும் அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அது போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமல்ல. தகர டப்பாவில் சோளத்தைப் போட்டுக் குலுக்கினது போல இருந்தது. சுகாதார நிலையத்திலிருந்து ஊருக்குள் போக ஒரே வழிதான், ஏரிக்கரை மீன் சந்தை வழி. இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருப்பார்கள். மலாவி ஏரியில் எந்தப் படகு எந்தக் கரைக்குத் திரும்புகிறது என்பதை மோட்டார் சத்தத்தை வைத்தே சொல்கிற காதுகள் அவை. புட்டிச் சத்தத்தை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டன. சைக்கிள் டாக்சி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பை தாளம் போடும். மரியாதையாக அமாயி என்று அம்மா முறை வைத்தே, உங்க பை நல்லாப் பாடுதே என்று ஒரு சைக்கிள்காரன் வாய் கூசாமல் கேட்டானாம். அந்தப் பெண் அதற்குப் பிறகு சைக்கிளில் ஏறவே இல்லை.

ஆகவே புட்டியை வாங்கிய கையோடு பெண்கள் நோயாளிகளின் கழிப்பறைப் பக்கம் போனார்கள். இடுப்பில் கட்டிய சித்தென்ஜே துணியின் முனையை அவிழ்த்து, மாத்திரையைக் கொட்டி முடிந்துகொண்டு, வெறும் புட்டியைக் குழிக்குள் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். ஆண்கள் சட்டைப்பையில் கொட்டிக்கொண்டார்கள். அவசரத்தில் சிதறிய மாத்திரைகளைத் தலைமையாசிரியரின் மனைவி சேற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவதை எனிபா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. சந்தையில் வேர்க்கடலை கட்டித் தரும் நீலக் கோடு போட்ட பாலித்தீன் பை நூறு வாங்கிவந்து கவுன்டரின் கீழ் இழுப்பறையில் வைத்தாள். கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். பிறகு கேட்காதவர்களுக்கும் கொடுத்தாள்.

புட்டியை விட்டு மாத்திரையை எடுக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பயிற்சியில் நாலு தடவை சொல்லியிருந்தார்கள். புட்டிக்குள் கிடக்கும் குட்டிப் பொட்டலம் ஈரத்தை உறிஞ்சத்தான், அதை எறியாதீர்கள் என்று படம் போட்டே காட்டியிருந்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர் லிங்காலா சந்தைக்குள் ஒரு தடவைகூட நடந்திருக்க மாட்டார் என்று எனிபா தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். ஜனங்கள் அவளை வாழ்த்தினார்கள். வாழ்த்து வாங்குகிறபோது சட்டம் ஞாபகம் வருவதில்லை.

பை வாங்கிப் போனவர்களில் லொஃபினாவும் ஒருத்தி. எனிபாவும் அவளும் ஆரம்பப் பள்ளியில் ஒரே பெஞ்சு. எனிபா படித்து வெள்ளைக் கோட்டுப் போட்டாள். லொஃபினா ஏரியில் இடுப்பளவு இறங்கி, வருகிற படகை மறித்து உசிபா மீனை வாளிக்கணக்கில் விலை பேசுகிறவள் ஆனாள். உசிபா விரல் நீளம்கூட இருக்காது. தட்டியில் பரப்பிக் காயவைத்து விற்பாள். கணவன் ஜோகன்னஸ்பர்க்கில் தோட்ட வேலை பார்க்கிறான். அவனும் அங்கே இதே மாத்திரை வாங்குகிறவன்தான். ஜூலையில் ஒரு மாதம் வந்து போனான், அவள் மறுபடி கர்ப்பமானாள். கர்ப்பமான பெண்ணுக்கு ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று சோதிப்பது முறை. கிருமி அடங்கியிருந்தால் பிள்ளைக்குத் தொற்ற வாய்ப்பு ரொம்பக் குறைவு. அடங்காவிட்டால் சொல்ல முடியாது. டிசம்பர் இரண்டாம் தேதி அடுத்த புட்டி வாங்க வந்தபோது அவளிடம் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள்.

முடிவு ஜனவரி பதினாலாம் தேதி வந்தது. கிருமி ஏகத்துக்கு இருந்தது. மாத்திரையே போடாத ஆளின் ரத்தம் போல இருந்தது.

எனிபா பயந்துபோனாள். பயந்தால் அவளுக்கு முதலில் கோபம்தான் வரும். அன்றைக்கே ஆள் விட்டு லொஃபினாவை வரவழைத்தாள். கவுன்டருக்கு முன்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

"லொஃபினா, மாத்திரை போடறியா இல்லையா?"

"போடறேன்."

"ஒருநாள்கூட விடலையா?"

"விடலை அமாயி."

மற்ற நாட்களில் எனிபா என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள், வரிசைக்கு முன்னால் மரியாதையாக அமாயி என்றாள். அதுகூட எனிபாவுக்கு நடிப்பாகத் தெரிந்தது.

"அப்ப இந்தக் காகிதம் பொய் சொல்லுதா? ஒம்பது வருஷமா இங்க உக்காந்திருக்கேன், எனக்கே காது குத்தாதே. உனக்கு உசிரு வேணாம்னா அது உன் இஷ்டம். வயித்துல இருக்கிறது உனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?"

லொஃபினா அவளை நேருக்கு நேர் பார்த்தாள். பொய் சொல்கிறவர்கள் தலையைக் குனிவார்கள் என்பது எனிபாவுக்கு அனுபவத்தில் தெரியும். இவள் குனியவில்லை. அதை எனிபா திமிர் என்று எடுத்துக்கொண்டாள். இன்னும் மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டுவிட்டு வா, மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பினாள். பிள்ளை பிறக்க இரண்டரை மாதம்தான் இருந்தது.

பிப்ரவரி முதல் வாரத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து கோண்ட்வே வந்தார். மருந்து எங்கே போகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்க்கிற மேற்பார்வையாளர். வடக்கத்திக்காரர். ஏரிக்கரை ஜனங்கள் மீன் வாடையில் கணக்கை மறந்துவிடுவார்கள் என்று கேலி பேசுவார், ஆனால் கை சுத்தம். சேற்றில் மூன்று மணி நேரம் ஜீப்பைத் தள்ளிக்கொண்டு வந்ததில் அன்றைக்குக் கேலியும் வரவில்லை. கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். சுற்று வட்டாரத்தில் மற்ற நிலையங்களில் கிருமி அடங்காதவர்கள் இரண்டு பேர், மூன்று பேர். லிங்காலாவில் மட்டும் பதினொரு பேர். மருந்து ஒழுங்காக வருகிறது, ஒழுங்காக வெளியே போகிறது, ரத்தத்தில் மட்டும் போய்ச் சேரவில்லை.

கிடங்கைப் புரட்டி எண்ணினார். ஒரு புட்டி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனிபாவின் பதிவேடு அவ்வளவு சுத்தமாக இருந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. எண்ணி முடித்தபின் கழிப்பறை எங்கே என்று கேட்டார். ஊழியர்களுக்கான கழிப்பறைச் சாவி மருத்துவ உதவியாளர் கலுவாவிடம் இருந்தது, அவர் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். காவலும் துப்புரவும் சேர்த்துப் பார்க்கிற கிழவர் சவுலோசி அவரை நோயாளிகளின் கழிப்பறைக்கு அழைத்துப்போனார். போகிற வழியில் பம்போ என்று மரியாதையாக விளித்து, நிறைய நாளாக மனசில் வைத்திருந்த மனக்குறையையும் கொட்டிவிட்டார்.

"பத்து வருஷத்துக்குன்னு வெட்டின குழி பம்போ. எட்டு மாசத்துல ரொம்பிடுச்சு. எங்க ஜனம் அவ்வளவு சாப்பிடறதும் இல்லையே."

கோண்ட்வே கைப்பேசி விளக்கை அடித்து உள்ளே பார்த்தார். குழி முழுக்க வெள்ளைப் புட்டி, நூற்றுக்கணக்கில். வந்த வேலையை மறந்து அப்படியே திரும்பி வந்தார்.

எனிபாவை உட்காரச் சொல்லவில்லை. இது என்ன என்று கேட்டார். ஜனங்களே போடுகிறார்கள், புட்டி சத்தம் போடுகிறது, வெட்கப்படுகிறார்கள் என்று எனிபா உண்மையின் முக்கால்வாசியைச் சொன்னாள்.

"சரி. புட்டிய இங்க போட்டுட்டு மாத்திரைய எதுல எடுத்துட்டுப் போவாங்க? உள்ளங்கையிலயா?"

மீதிக் கால்வாசி கீழ் இழுப்பறையில் இருந்தது. அதைச் சொன்னால் வேலைக்கு ஆபத்து. எனிபா வாயைத் திறக்கவில்லை. அவள் முகத்தில் ஈயாடாததைப் பார்த்த கோண்ட்வேக்கு வேறு கதை தோன்றியது. புட்டியைக் காலி செய்து குழியில் போட்டுவிட்டு, மாத்திரையை மொத்தமாக ஏரிக்கு அந்தக் கரைக்கு விற்கிறார்கள். அப்படி வேறெங்கோ நடந்ததாக அவரும் கேள்விப்பட்டிருந்தார். அவர் கத்தவில்லை. நாளைக்கு இந்த மருந்து கொடுக்கிற நாள். இந்த மாதம் முறை இருக்கிறவர்கள் வீட்டில் மீதியிருக்கிற மாத்திரையைக் கொண்டுவரட்டும், ஒவ்வொன்றாக எண்ணுவோம் என்றார். எண்ணிக்கை சரியாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பெரிய புட்டிகள் எல்லாம் ஜீப்பில் திரும்பும். அடுத்த மாதத்திலிருந்து லிங்காலாக்காரர்கள் மாதாமாதம் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வந்துதான் வாங்க வேண்டும். அறுபது மைல் தூரம். எத்தனை பேர் போவார்கள், எத்தனை பேர் மருந்தையே விட்டுவிடுவார்கள் என்று எனிபாவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தன்னார்வலர்கள் சாயங்காலமே சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள்.

காலையில் இருபத்தேழு பேர் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்ததைப் பார்த்து, வழக்கமாக எதற்கும் அசையாத கோண்ட்வே மூக்கின் மேல் விரல் வைத்தார். மாத்திரை மூக்குப்பொடி டப்பாவில் வந்தது. குழந்தைப் பவுடர் டப்பாவில் பவுடருக்கு அடியில் வந்தது. ஒரு தேவாலய மூப்பர் பாட்டுப் புத்தகத்தின் அட்டையைப் பிரித்து உள்ளே தையல் போட்டு வைத்திருந்தார். ஒரு மீனவன் ரேடியோவையே தூக்கிவந்தான், பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் மாத்திரை இருந்தது. ரேடியோ எப்படிப் பாடும் என்று சவுலோசி கேட்டதற்கு, அது பாடி ரெண்டு வருஷம் ஆச்சு என்றான். டப்பா எதுவானாலும் உள்ளே இருந்தது ஒரே நீலக் கோட்டுப் பாலித்தீன் பைதான்.

மேஜையில் வெள்ளைத் தாளை விரித்து எண்ணினார்கள். கோண்ட்வே எண்ணுவார், எனிபா பதிவேட்டில் கடைசியாக வாங்கிய தேதியைப் பார்த்து எத்தனை மீதியிருக்க வேண்டும் என்று சொல்லுவாள். சரியாக இருந்தது. அடுத்ததும் சரியாக இருந்தது. ரேடியோக்காரனுக்கு மட்டும் ஆறு குறைந்தது. கூடப் படகில் வருகிற தம்பிக்கு மருந்து தீர்ந்துபோனதால் கொடுத்தேன் என்று ஒத்துக்கொண்டான். தம்பி பெயரையும் சொன்னான். பதினைந்து பேர் ஆனபோது கோண்ட்வேயின் விற்பனைக் கதை செத்துவிட்டது. ஆனால் அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. முகம் இன்னும் இறுகிக்கொண்டே போனது. எண்ணிக்கையைவிட மாத்திரையின் நிறத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டாவது ஆளாக லொஃபினா வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளுடைய முறை மார்ச்சில்தான். எண்ணுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, படகு வருகிற நேரத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். வயிறு நன்றாக இறங்கியிருந்தது. எனிபாவின் பக்கம் திரும்பவே இல்லை. இடுப்பு முடிச்சை அவிழ்த்துப் பையைக் கோண்ட்வேயிடம் நீட்டி, இவங்க கண்ணு முன்னாடி எண்ணுங்க என்றாள்.

பை இரண்டு இடத்தில் ஓட்டையாகியிருந்தது. தாளில் கொட்டியதும் கருவாட்டு வாடை அடித்தது. மாத்திரைகள் மஞ்சளித்து, ஊறி உப்பி, ஓரம் பொரிந்து கிடந்தன. இரண்டு மாத்திரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கோண்ட்வே பேனா முனையால் ஒவ்வொன்றாக நகர்த்தினார். தனியாக இருபத்து மூன்று, ஒட்டியது இரண்டு. இருபத்தைந்து.

எனிபா பதிவேட்டைப் பார்த்தாள். டிசம்பர் இரண்டாம் தேதி தொண்ணூறு. நேற்று வரைக்கும் அறுபத்தைந்து நாள். மீதி இருபத்தைந்து. அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். கோண்ட்வே தானே பதிவேட்டைத் திருப்பிக் கணக்குப் போட்டுக்கொண்டார்.

இதெல்லாம் எப்படி இப்படி ஆச்சு என்று கேட்டார். லொஃபினா வெட்கப்படாமல் சொன்னாள். தண்ணீரில் இறங்கும்போது நனையும். நனைந்தால் காயவைப்பேன்.

"எங்க காய வெப்பீங்க?"

"உசிபா காயற தட்டியிலதான். மீனுக்கு நடுவுல போட்டா யாரு கண்ணுக்கும் தெரியாது. காக்கா வராம பாத்துப்பேன்."

"தண்ணிக்கு எதுக்குக் கொண்டு போறீங்க? வீட்டுல வெச்சா என்ன?"

"வீட்டக் கூட்டறது, பாயத் தட்டறது, பானையக் கழுவறது எல்லாம் என் மக. பன்னெண்டு வயசு. அவ கை படாத எடம் என் இடுப்பு ஒண்ணுதான்னு முடிஞ்சு வெச்சுப் பழகிடுச்சு பம்போ."

கோண்ட்வே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை. பிறகு, அதிகாரி குரலை விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க ஒருநாள்கூட விடல அமாயி. ஆனா நீங்க முழுங்கினது மருந்தா, வெறும் மாவான்னு என்னால சொல்ல முடியல."

இந்த மாத்திரைக்கு ஈரமும் வெயிலும் ஆகாது, இதில் எவ்வளவு வீரியம் மிச்சம் என்று ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். மற்றவர்கள் கொண்டுவந்ததிலும் பாதிக்கு மேல் அப்படித்தான். மழைக்காலத்து ஏரிக்கரையில் ஓட்டைப் பைக்குள் மூன்று மாதம் கிடந்தால் வேறு எப்படி இருக்கும்? பதினொரு பேரின் ரத்தத்துக்கும் விடை அந்த மேஜை மேல் கிடந்தது. கோண்ட்வே நீலக் கோட்டுப் பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். எல்லாம் ஒரே கடைப் பை. யார் கொடுத்தது என்று கேட்டார்.

இருபத்தேழு பேரும் தரையைப் பார்த்தார்கள். மூப்பர் தொண்டையைக் கனைத்துவிட்டு, சந்தையில் எல்லாரும் விற்கிறார்கள் என்றார். தேவாலயத்தில் சாட்சி சொல்கிற மனுஷன், எனிபாவுக்காக வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னார். எனிபா லொஃபினாவைப் பார்த்தாள். லொஃபினாவும் ஒன்றும் சொல்லவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் எனிபாவுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான்தான் குடுத்தேன்," என்றாள் எனிபா. இழுப்பறையைத் திறந்து மீதியிருந்த பைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "புட்டியில இருந்து எடுக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

கோண்ட்வே வெகுநேரம் எழுதினார். பெரிய புட்டிகள் லிங்காலாவிலேயே இருக்கும் என்று முடிவாயிற்று. எனிபாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும், ஆறு மாதம் கிடங்குச் சாவி கலுவாவிடம் இருக்கும். கெட்டுப்போன மாத்திரைக்கு எல்லாம் அன்றைக்கே புதுப் புட்டி கொடுக்க வேண்டும். புட்டி சத்தம் போடுகிறது என்று தலைமையகத்துக்குத் தெரிவிக்கப் படிவத்தில் இடம் தேடினார். இருப்பு, வரவு, செலவு, காலாவதி, சேதம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, சத்தத்துக்கு இல்லை. தாளின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதுவரைக்கும் என்ன செய்வது என்று பெண்களே கூடிப் பேசினார்கள். கட்டுப் போடுகிற அறையிலிருந்து சுத்தமான வலைத்துணியைக் கொண்டுவந்து புட்டியின் கழுத்து வரை அடைத்துப் பார்த்தார்கள். சத்தம் அடங்கியது. துணி தீரும் வரைக்கும் அடங்கும். அடுத்த வண்டியில் மருந்தோடு துணியும் சேர்த்து அனுப்பச் சொல்ல வேண்டும், அதற்குக் கட்டம் உண்டு என்றார் கோண்ட்வே.

லொஃபினாவின் விஷயத்தை அவர் தனியாகச் சொன்னார். பிள்ளை பிறக்க ஏழு வாரம் இருக்கிறது. நல்ல மாத்திரை இன்றிலிருந்து உள்ளே போனால் கிருமி அதற்குள் நிறைய இறங்கும். பிரசவம் மாவட்ட ஆஸ்பத்திரியில். பிள்ளைக்கும் பிறந்ததிலிருந்து மருந்து. வாய்ப்பு இருக்கிறது, இன்னும் கைமீறிப் போகவில்லை.

புதுப் புட்டியை எனிபா கவுன்டருக்கு வெளியே வந்து, லொஃபினாவின் கையில் கொடுத்தாள். வரிசையில் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"நீ பொய் சொல்லல. நான்தான் அன்னிக்கு வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். என்ன மன்னிச்சிடு லொஃபினா."

"நீ பேசினதுக்கு நான் கோவப்படல," என்றாள் லொஃபினா. "கோவப்பட்டிருந்தா தேவல. நான் நம்பிட்டேன்."

எனிபாவுக்குப் புரியவில்லை. லொஃபினா வரிசையை விட்டுத் தள்ளி, சுவரோரமாக நின்று சொன்னாள்.

"வீட்டுக்குப் போற வழியெல்லாம் யோசிச்சேன். எனிபா ஒம்பது வருஷமா இதையேதான் பாக்கறா, அவ சொன்னா தப்பா இருக்காது. நான்தான் மறந்திருக்கேன். மறந்ததே எனக்கு மறந்துபோயிருக்கு. சோர்ந்து படுத்தா போட்டோமா இல்லையான்னு தெரியாது பாரு. அப்படித்தான் இருக்கணும்னு நெனச்சேன். அப்ப எனக்கு ஒரு சாட்சி வேணும்ல? அன்னிக்கே தமாலாவக் கூப்பிட்டு உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன். எனக்கு இருக்கு, உங்கப்பாவுக்கு இருக்கு, இந்த மாத்திரைய நான் மறந்தா உன் தம்பிக்கோ தங்கச்சிக்கோ வந்துடும், நான் முழுங்கறத நீ நின்னு பாக்கணும்னு."

பன்னிரண்டு வருஷம் அந்தப் பெண்ணின் கைக்குப் படாமல் ஒருத்தி இடுப்பில் முடிந்து வைத்திருந்த விஷயம் அது. பெரியவளான பிறகு, நிதானமாக, கணவனும் ஊரில் இருக்கும்போது சொல்லலாம் என்று லொஃபினா பல தடவை எனிபாவிடமே பேசியிருக்கிறாள். அதை எனிபா கவுன்டரிலிருந்து கத்திய நாலு வார்த்தை ஒரே நாளில் அவிழ்த்துவிட்டது.

"அவ என்னைப் பத்தி என்ன நெனக்கறாளோ தெரியல. இப்ப நீ வா," என்றாள் லொஃபினா. "என் வீட்டுக்கு வந்து அவகிட்ட நீயே சொல்லு. அம்மா மறக்கலைன்னு."

மதியம் ஆகியிருந்தது. எனிபா கவுன்டரைக் கலுவாவிடம் விட்டுவிட்டு வெள்ளைக் கோட்டோடேயே நடந்தாள். சந்தையில் பெண்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

தமாலா வீட்டு வாசலில் உட்கார்ந்து ன்சீமாக் களிக்குச் சோள மாவு சலித்துக்கொண்டிருந்தாள். எனிபாவைப் பார்த்ததும் எழுந்து, முழங்காலை மடித்து, பெரியம்மா என்று மரியாதை செய்தாள். எனிபா பாயில் உட்கார்ந்தாள். சின்னப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. சுற்றி வளைத்து மாத்திரை எப்படிக் கெட்டது, ஈரம் என்ன செய்யும் என்று ஆரம்பித்து, நடுவிலேயே விட்டுவிட்டு நேராகச் சொன்னாள். உங்கம்மா ஒருநாள்கூட மறக்கவில்லை. மாத்திரைதான் கெட்டுப்போயிருந்தது. பையைக் கொடுத்ததும் நான், திட்டினதும் நான். எண்ணிப் பார்த்துவிட்டோம், ஒன்றுகூடக் குறையவில்லை.

தமாலா கடைசிவரை கேட்டாள். அவள் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. உள்ளே போய்ப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துவந்து பிரித்துக் காட்டினாள். கணக்குப் பாடத்துக்குப் பின்னால் ஒரு பக்கம் முழுக்க தேதி, தேதிக்கு எதிரே கோடு. ஜனவரி பதினாலிலிருந்து நேற்று வரைக்கும் இருபத்திரண்டு கோடு.

"நான் தினமும் நின்னு பாத்தேன் பெரியம்மா. வாயத் தெறக்கச் சொல்லிக்கூடப் பாத்தேன். நீ மறக்கலம்மா, பழைய மாத்திரையையும் எண்ணிட்டேன், கணக்கு சரியா இருக்குன்னு மறுநாளே சொன்னேன்." அவள் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு நோட்டை மூடினாள். "அம்மா கேக்கல. எனிபா சொல்லிட்டாளே, எனிபா சொல்லிட்டாளேன்னு அழுதாங்க."

லொஃபினா வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தமாலா புதுப் புட்டியை அம்மா கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். நனையாமல் வீட்டுக்குள் எங்கே வைப்பது என்று கேட்டாள். அடுப்பிலிருந்து தள்ளி, உயரமான இடத்தில் என்றாள் எனிபா. அந்தப் பெண் மேலே தூலத்தை அண்ணாந்து பார்த்து ஓர் இடத்தை மனசில் வைத்துக்கொண்டாள்.

பிறகு குரலை உயர்த்தாமல், பெரியவர்களிடம் பேச வேண்டிய மரியாதையோடு சொன்னாள்.

"இனிமே காகிதத்துல எது வந்தாலும் என்கிட்ட சொல்லுங்க பெரியம்மா. அம்மாவத் திட்டாதீங்க. நீங்க சொன்னா அவங்க நம்பிடறாங்க."